ஊரைச் சுற்றிய மலைகளும் ஒரு காமிராவும்

மதுரையில் குடியிருக்கும் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காமிராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால், "கொடைக்கானலுக்கா, மூணாறுக்கா?" என்று அண்டை வீட்டார் கேட்பது இயல்பு. "இல்லை, ஒத்தக்கடை வரைக்கும்" என்று பதில் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். ஒத்தக்கடைக்கு நகரப் பேருந்தே போகிறது. அங்கே போய்ப் படம் எடுக்க என்ன இருக்கிறது என்பது அந்தப் புன்னகையின் பொருள். இயற்கைக் காட்சி என்றால் பனி, அருவி, தேயிலைத் தோட்டம் என்று நம்மில் பலர் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். சுவர் நாட்காட்டிகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கும் நிலம், கடந்து போவதற்கு உரிய நிலமே தவிர நின்று பார்ப்பதற்கு உரியது அன்று என்பது பொது அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மதுரை சமவெளியில் அமைந்த நகரந்தான். ஆனால் எந்தச் சாலை வழியே வெளியேறினாலும் ஒரு மலை நம்மை எதிர்கொள்ளும். மேலூர்ச் சாலையில் யானைமலை. அழகர்கோயில் சாலையின் முடிவில் அழகர்மலை. திண்டுக்கல் சாலையில் போனால் சிறுமலை. தேனிச் சாலையை ஒட்டி நீண்டு கிடக்கும் நாகமலை. அதன் அருகே கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தோடும் ஐயனார் கோயிலோடும் சமணர் மலை. தெற்கே பசுமலை, திருப்பரங்குன்றம். யானையும் நாகமும் பசுவும் பாண்டியன் தலைநகரை அழிக்க ஏவப்பட்டுக் கல்லாய்ச் சமைந்தவை என்று திருவிளையாடற் புராணம் கதை சொல்கிறது. கதை எப்படியாயினும், அந்தப் பெயர்களை வைத்தவர்கள் நின்று பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யானைமலை எல்லாப் பக்கத்திலிருந்தும் யானையாகத் தெரிவதில்லை. துதிக்கையை நீட்டிப் படுத்த யானையைக் காண வேண்டுமானால் அதற்கென்று இடம் பார்த்து நிற்கவேண்டும். காமிராக்காரன் செய்யும் முதல் வேலையும் அதுவே.

இந்த மலையின் முன் காமிராவோடு வந்து நின்றவர்களில் மிகப் பழையவர் என நாம் அறிந்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படம் பிடித்தவர். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரல் வரையில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய பகுதிகளில் சுற்றினார். ரயிலும் மோட்டாரும் இல்லாத சாலைகளில் நடந்த பிரயாணம் அது. 1858 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மதுரையில் அவர் எடுத்த படங்களில் கோயிலும் நாயக்கர் மண்டபமும் இருப்பதில் வியப்பில்லை. அவற்றோடு யானைமலையின் முனைப்பக்கத் தோற்றமும் இருக்கிறது. வைகையும் அதன் குறுக்கே ஊருக்குள் செல்லும் தரைப்பாலமும் இருக்கின்றன. ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது 1889-இல் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வைகைப் படத்தைப் பார்க்கவேண்டும்.

டிரைப் கையாண்டது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். நம்முடைய சாதாரணப் புத்தகத்தை விரித்து வைத்தாற்போன்ற அளவுள்ள காகிதம். நிமிஷக் கணக்கில் ஒளி படவேண்டும். அதற்குள் நடந்துபோன மனிதரும் மாடும் படத்தில் பதியாமலே மறைந்துபோவார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல நிறத்துக்கு மட்டும் மிகுதியாக மயங்கியது. ஆகவே மலை சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். இன்று கைபேசியிலே வானத்தை மாற்றிக்கொள்ளும் இளைஞர்களைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் யோசிக்கலாம். நான் மேகம் தீட்டுவதில்லை. இல்லாத மேகத்துக்காகக் காத்திருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது.

காத்திருப்பது என்றால் ஒரு மணி, இரண்டு மணி அன்று. ஆறு மாதம் கூட ஆகும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களிலும், மறுபடி ஆகஸ்டு மாதக் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். நிழல் காலடியில் சுருண்டு, பாறையின் மேடு பள்ளம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். ஜூன் மாதத்திலோ நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழி முழுவதும் இருண்டே கிடக்கும் பாறையின் வடமுகம் அப்போதுதான் வெளிச்சம் காணும். சூரியன் உதிக்கும் இடமும் அப்படித்தான். மார்கழி விடியலுக்கும் ஆனி விடியலுக்கும் இடையே அது அடிவானத்தில் 48 பாகை நகர்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆக, ஐந்து முஷ்டி தூரம். ஒரே கண்மாய்க் கரையில், ஒரே ஆலமரத்தடியில் நின்று பார்ப்பவனுக்குச் சூரியன் ஒரு பருவத்தில் குன்றின் தலைமாட்டில் உதிக்கும். இன்னொரு பருவத்தில் கால்மாட்டில் உதிக்கும். மூணாறுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகிறவன் இதைக் கண்டுகொள்ள வழியே இல்லை. ஒத்தக்கடைக்கு மாதம் ஒருமுறை போகிறவன் கண்டுகொள்வான்.

மேலூர்ச் சாலையில் போகிறவருக்கு யானைமலை இடப்புறம் வரும். ஆகையால் காலை வெயில் சாலையைப் பார்த்த முகத்தில் நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, யானை கறுத்த உருவமாக மட்டும் நிற்கும். பலரும் மாலைப் படத்தையே விரும்புகிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கறுத்த உருவத்துக்கு மலை வேண்டியதில்லை. அட்டையை வெட்டி வைத்தாலும் போதும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். பாறையின் மேலிருந்து வழிந்த நீர் கறுப்புக் கோடுகளாக இறங்கியிருக்கும்; கோடுகளுக்கு நடுவே வெளுத்த கல் மின்னும். அப்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். காமிராவிலுள்ள ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டு கணக்குப் போடும் கருவி. வெளுத்த பாறையை அதன் போக்கில் விட்டால் படம் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். கருவி சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒளி கொடுத்தால்தான் கல் கல்லாக இருக்கும்.

லென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் அடக்கவேண்டும் என்ற ஆசையில் அகலக் கோண லென்ஸைப் போட்டால், கண்ணுக்கு அத்தனை பெரிதாகத் தோன்றிய மலை படத்தில் எறும்புப் புற்றாய்ச் சிறுத்துவிடும். ஒரு கிலோமீட்டர் பின்வாங்கி, நீண்ட லென்ஸால் பாருங்கள். அடிவாரத்து வீடுகளும் தென்னைகளும் மலையோடு ஒட்டி வந்து நிற்கும். மலையின் பெருமை அப்போது விளங்கும். ஆனால் பின்வாங்குவதற்குச் சாலையில் இடம் வேண்டுமே! நாற்கரச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி நின்று படம் எடுப்பது உயிரோடு விளையாடுவது. நான் பழைய கிராமச் சாலைகளையே நாடுகிறேன். அங்கே கார் மெதுவாகப் போகலாம். நினைத்த இடத்தில் நிற்கலாம். தேநீர்க் கடைக்காரர் ஏரியில் எப்போது தண்ணீர் வந்தது என்று சொல்வார். சாலைகளை அகலப்படுத்தியபோது வெட்டுண்ட புளியமரங்களின் மிச்சம் சிலவும் இந்தச் சாலைகளில்தான் இருக்கின்றன.

ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த காலம் ஐப்பசி முதல் தை வரை. பெரியாற்று நீர் கால்வாயில் வந்து மேலூர்ப் பக்கத்து வயல்களில் பாய்ந்திருக்கும். 1895-இல் கட்டி முடித்த அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திரும்பியிராவிட்டால், இந்தப் பசுமையில் பாதி இராது. வடகிழக்குப் பருவமழை காற்றிலுள்ள புழுதியைக் கழுவிவிடும். சித்திரையில் நரைத்துத் தெரியும் அழகர்மலை, கார்த்திகையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு முன் காற்று அசையாத நேரத்தில் கண்மாயில் குன்று தலைகீழாக நிற்கும். ஏழரைக்கு ஒரு சிறு காற்று வந்து அதைக் கலைத்துவிடும். அப்புறம் இட்லி தின்னப் போகலாம்.

இதுவரை சொன்னது அழகைப் பற்றி. இனிச் சொல்லப்போவது வேறு.

2009-ஆம் ஆண்டு மார்கழியில் மேலூருக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் நின்று நான் ஒரு படம் எடுத்தேன். நீர்ப்பரப்பு, அதில் இரண்டு கொக்கு, இடப்பக்க மூலையில் ஒரு சிறு குன்று. ஊரார் அதைக் கரடு என்று மட்டும் சொல்வார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே கரையில் நின்றபோது கண்மாய் இருந்தது, கொக்கும் இருந்தது, கரடு இல்லை. அது இருந்த இடத்தில் செங்குத்தாக அறுத்து இறங்கிய ஒரு பள்ளம். பள்ளத்தில் பச்சை நிறத்தில் நீர். விளிம்பில் கட்டில் அளவுக்கும் அறை அளவுக்கும் சதுரமாக அறுத்த கற்கள், எண் எழுதி அடுக்கப்பட்டிருந்தன. மேலூர் வட்டாரக் கல் நல்ல வெள்ளைக் கல், மெருகேறும் கல், கடல் கடந்து எங்கெங்கோ தளக்கல்லாய்ப் போனது. அனுமதிக்கு மீறி அறுக்கப்பட்ட கல்லைப் பற்றி 2012-இல் மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதினார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். இவை நாடறிந்த செய்திகள்.

நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பற்றி. கொக்குக்காக எடுத்த படம் அது. அந்த ஊர்க்காரர் ஒருவர் என் வீடு தேடி வந்து அதன் பிரதி ஒன்று கேட்டார். "கரடு இருந்ததுக்கு எங்ககிட்ட ஒரு அடையாளமும் இல்லீங்க. பட்டாவுல தீர்வையில்லாத் தரிசுன்னு மட்டும் இருக்கு" என்றார். அவருடைய பாட்டனும் பூட்டனும் பார்த்த குன்று, வரைபடத்தில் ஒரு எண். மனிதர் கண்ணுக்கு உரிய சாட்சியாக எஞ்சியது, எங்கிருந்தோ காரில் வந்தவன் ஓய்வு நேரத்தில் எடுத்த ஒரு படத்தின் இடப்பக்க மூலை. அந்த மூலையைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தேன். மனுவோடு சேர்த்து வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று முதல் என் பிரயாணங்களில் ஒரு ஒழுங்கு வந்தது. மதுரையைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொண்டேன். மைல்கல், மதகு, கோயில் மதில் போன்ற அசையாத அடையாளம் உள்ள இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று ஆண்டுக்கு நான்கு தடவை, அதே லென்ஸால், அதே உயரத்தில் முக்காலியை நிறுத்தி, அதே திசையைப் பார்த்து ஒரு படம். அந்த ஒன்றை எடுத்த பிறகு என் மனம் போல் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வேன். தேதி, மணி, திசை, லென்ஸ் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். கைபேசியும் புதிய காமிராக்களும் இவற்றைப் படத்தோடு தாமே பதிந்துகொள்கின்றனவே என்று கேட்கலாம். பதிந்துகொள்கின்றன; ஆனால் நண்பருக்குச் செய்தியாக அனுப்பும்போது அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துபோகின்றன. கை தவறி அழிந்துபோகும் வட்டுகளையும் நான் கண்டிருக்கிறேன். டிரைப்பின் படங்கள் இன்று நமக்குக் கிடைப்பது அவை காகிதத்தில் அச்சேறி, இடப் பெயரும் தேதியும் எழுதி வைக்கப்பட்டதால்தான். ஆகவே ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையாவது அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி, அட்டைப் பெட்டியில் வைக்கிறேன். என் மனைவிக்கு இந்தப் பெட்டிகளைப் பற்றித் தனி அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே சொல்லத் தேவையில்லை.

இந்தப் பன்னிரண்டில் முதலாவது யானைமலை. அந்த மலைக்கும் ஒரு சோதனை வந்தது. கி.பி. 770-இல் பாண்டிய அமைச்சன் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும் சமணர் சிற்பங்களும் உள்ள மலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை 2010-இல் எழுந்தது. அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள், யோசனை நின்றது. அந்த வேளையில் தோன்றிய பசுமை நடை என்ற குழுவினர், மாதந்தோறும் இந்த மலைகளுக்கு மக்களை நடத்திக்கொண்டு போகத் தொடங்கினார்கள். 1858-இல் டிரைப் பார்த்த மலையை நாம் இன்றும் பார்க்கிறோம் என்றால், அது கல்லின் உறுதியால் மட்டும் நேர்ந்ததன்று.

பன்னிரண்டாவது இடம் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் ஆனைகொண்டான் முதலிய கண்மாய்கள், கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். பக்கத்து மீனாட்சிபுரத்தில், மாங்குளம் என்று அறியப்படும் மலைக் குகைகளில், நெடுஞ்செழியன் பெயர் பொறித்த 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துக்கள். வல்லூறும் கழுகும் கூடு கட்டும் பாறை முகடுகள் இங்கே இருப்பதால் பறக்கும் காமிராவை நான் தொடுவதில்லை. அந்தப் பறவைகளின் வானத்தில் நமக்கு வேலை இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இங்கே சுமார் 193 ஹெக்டேர் நிலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இந்தப் பகுதியை உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் தோண்டும் உரிமை ஏலத்தில் போயிற்று என்று செய்தி வந்தது.

அந்த மாதக் கடைசியில் நான் வழக்கம்போல் கண்மாய்க் கரையில் முக்காலியை நிறுத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் விரைந்து வந்தார்.

"ஏய்யா, மலைய அளக்க வந்திருக்கீகளா?"

"இல்லைம்மா. படம் எடுக்க வந்தேன்."

"மூணு காலப் பாத்ததும் சர்வேக்காரன்னு நெனச்சுட்டேன்" என்றார். ஆனாலும் அவர் போகவில்லை. நான் படம் எடுத்து முடிக்கும் வரையில் பக்கத்திலேயே நின்றார். இருபது ஆண்டுக்கு மேலாக அந்தக் கரைகளில் முக்காலியோடு திரிகிறவன் நான்; அதைக் கண்டு ஒருவர் அஞ்சியது அதுவே முதல் தடவை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே நினைவு.

டிசம்பரில் சட்டமன்றம் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

மாசியில் நான் மறுபடி போனபோது, நவம்பரில் எடுத்த படத்தை அச்சிட்டு அந்த அம்மாளுக்குக் கொண்டுபோனேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மலையை விரலால் தடவினார். பிறகு, "மலை இருக்கு, தண்ணி இருக்கு. எங்க வயலு எங்கய்யா?" என்று கேட்டார். அவர் வயல் படத்தின் விளிம்புக்கு அப்பால் இருந்தது. "இப்பிடி வாங்க" என்று என்னைக் கரையோடு மேற்கே அழைத்துப் போனார். கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு அரைப் பர்லாங்கு தூரம் நடந்தால் ஒரு கலுங்கு. அதன் மேல் ஏறி நின்றால் குன்றும் கண்மாயும் அவர் வயலும், வயல் ஓரத்து ஒற்றைப் பனையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அத்தனை காலம் அங்கே போய்வந்தும் அப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது. அதுவே இப்போது என் பதின்மூன்றாவது இடம். அன்று எடுத்த படத்தில் அறுவடை முடிந்த தாளும் ஏழெட்டு ஆடுகளுமே இருந்தன. அந்த அம்மாளுக்கு அது திருப்தியாக இல்லை. நடவு முடிந்து பயிர் தூர்கட்டியதும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.